ஈரம் எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது?

வாசகர் கேள்வி–பதில்

கடையிலோ குடியிருப்பிலோ நடைபாதையிலோ வழுக்கி விழுந்து அடிபட்டால் இழப்பீடு கேட்கலாமா என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். எழுதியவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கிறார்கள். அதனால் எங்கும் பொருந்துவதைப் பொதுவாகவும், நாட்டுக்கு நாடு மாறுவதை அந்தந்த நாட்டின் பெயரோடும் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் குளிர்பெட்டிகள் இருக்கும் வரிசையில் தரை ஈரமாக இருந்தது. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. "நீங்கதான் பார்த்து நடந்திருக்கணும்" என்கிறார் மேலாளர். விழுந்தது அவர்கள் கடையில்தானே? அவர்கள்தானே பொறுப்பு?

பதில்: மேலாளர் சொல்வது சரியில்லை. ஆனால் கடைக்குள் விழுந்தீர்கள் என்பதாலேயே கடை பொறுப்பாகிவிடும் என்பதும் சரியில்லை.

ஓர் இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அங்கே வருகிறவர்கள் அடிபடாமல் இருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் இதை நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறது. பல நாடுகளில் தீர்ப்புகள் வழியாக இதே கருத்து நிலைபெற்றிருக்கிறது. அந்தக் கவனத்தில் குறை இருந்தது, அந்தக் குறையால்தான் விழுந்தீர்கள், விழுந்ததால்தான் இந்தக் காயம் என்ற மூன்றையும் காட்ட வேண்டியவர் நீங்கள். பெரும்பாலான வழக்குகள் முதல் படியிலேயே தடுக்கி நின்றுவிடுகின்றன.

குறையை மூன்று வழிகளில் காட்டலாம். கடை ஊழியரே அந்த ஈரத்தை உண்டாக்கினார் என்பது ஒன்று: மாப் போட்டுவிட்டு அப்படியே போய்விட்டார். ஈரம் இருப்பது கடைக்குத் தெரியும், தெரிந்தும் துடைக்கவில்லை என்பது இன்னொன்று. மூன்றாவது, அது அங்கே இருந்த நேரத்துக்கு, ஒழுங்காகக் கவனித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்பது. முதல் இரண்டுக்கும் நேரடிச் சாட்சி வேண்டும், அது எளிதில் கிடைக்காது. மூன்றாவதில்தான் பெரும்பாலோரின் வழக்கு நிற்கிறது. அதற்கு அடிப்படை ஒரே கேள்விதான்: ஈரம் எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு பழைய வழக்குகள் இதை அழகாகக் காட்டுகின்றன. இரண்டிலும் ரயில் நிலையத்தில் வாழைப்பழத் தோலை மிதித்து விழுந்தார்கள். 1901இல் வந்த வழக்கு தோற்றது. ரயிலிலிருந்து இறங்கிய பயணி ஒருவர் ஒரு நிமிடத்துக்கு முன்புகூட அந்தத் தோலைப் போட்டிருக்கலாமே என்றது நீதிமன்றம். 1911இல் வந்த வழக்கில் தோல் எப்படி இருந்தது என்று சாட்சி விளக்கமாகச் சொன்னார்: கறுத்திருந்தது, காய்ந்திருந்தது, மண் ஒட்டி நறநறவென்று இருந்தது, பலர் மிதித்துத் தட்டையாகிக் கிடந்தது. இதைக் கேட்ட நீதிமன்றம், இவ்வளவு நேரம் கிடந்ததை ஊழியர்கள் பார்த்து அகற்றியிருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. தோல் அதே தோல்தான். அதன் வயதைச் சொல்ல ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

உங்கள் விஷயத்தில் தோலுக்குப் பதில் தண்ணீர். தண்ணீருக்கும் வயது உண்டு. ஓரம் காய்ந்து வளையமாகத் தடம் விட்டிருந்ததா? தள்ளுவண்டிச் சக்கரங்கள் அதில் ஏறிக் கோடு இழுத்திருந்தனவா? செருப்புத் தடங்கள் அழுக்காகப் பதிந்திருந்தனவா? இவை எல்லாம் தண்ணீர் இப்போது சிந்தியதல்ல என்று சொல்லும். குளிர்பெட்டிக்கு அடியிலிருந்து கசிந்திருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்குகிறது. கசிவு ஒரே நாளில் வருவது அபூர்வம். பழுது பார்க்க ஆள் வந்த பில், ஊழியர்கள் அடியில் போட்டு வைத்த பழைய துணி, அட்டை, வாளி எல்லாமே கடைக்கு முன்பே தெரியும் என்பதற்கு அத்தாட்சி. விழுந்த இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டித் துண்டு கிடந்தது நினைவிருக்கிறதா? இருந்தால் இன்றே எழுதி வையுங்கள்.

கேள்வி: அது எப்போது சிந்தியது என்று யாருக்குமே தெரியாது. அப்படியென்றால் வழக்கே இல்லையா?

பதில்: இருக்கலாம். சிந்திய நேரம் தெரியாவிட்டால், கடைசியாக யார் எப்போது தரையைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2012இல் தீர்த்த வழக்கு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊன்றுகோலின் துணையோடு நடந்த ஒரு பெண், வணிக வளாகத்தில் ஒரு பெருங்கடைக்கு வெளியே விற்பனைக்காகப் பொருள்களை அடுக்கியிருந்த பகுதியில், எண்ணெய்ப் பிசுக்குள்ள உருளைக்கிழங்கு வறுவல் துண்டின் மேல் ஊன்றுகோலை வைத்துச் சறுக்கி விழுந்தார். நேரம் பகல் 12.30. அந்தத் துண்டு எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காலை 8 மணிக்குப் பிறகு அந்தப் பகுதியை யாரும் பார்க்கவில்லை. 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டிய இடம் அது. கீழ் நீதிமன்றம் ஒன்று, வறுவல் மதிய உணவு வேளையில் தின்பது, சற்றுமுன்தான் விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காலை 8 முதல் 12.10 வரை நான்கு மணி நேரத்துக்கு மேல், 12.10 முதல் 12.30 வரை வெறும் இருபது நிமிடம்: எதில் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்? நீண்ட இடைவெளியில்தான். அப்படியென்றால் ஒழுங்காகச் சுற்றிப் பார்த்திருந்தால் அது அகற்றப்பட்டிருக்கும். அந்தப் பெண் வென்றார்.

இங்கிலாந்தில் 1976ஆம் ஆண்டு வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. கடைத் தரையில் சிந்திய தயிரில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். சிந்தியது எப்போது என்று தெரியவில்லை. பொருள் சிந்துவது அந்தக் கடையில் அடிக்கடி நடப்பதால், உடனுக்குடன் துடைக்க நல்ல ஏற்பாடு இருந்தது என்று காட்ட வேண்டியது கடைதான் என்றது நீதிமன்றம். கடையால் காட்ட முடியவில்லை. சுமார் மூன்று வாரம் கழித்து அதே பெண் அதே கடைக்குப் போனபோது, தரையில் சிந்திய ஆரஞ்சுப் பானம் கால் மணி நேரம் யாரும் துடைக்காமல் கிடந்ததைப் பார்த்துச் சாட்சியாகச் சொன்னார். இதைக் கவனியுங்கள். விழுந்த அன்று ஆதாரம் கிடைக்காமல் போனாலும், கடையின் வழக்கம் எப்படி என்பதைப் பிறகும் காட்டலாம்.

கேள்வி: விழுந்ததும் வெட்கத்தில் எழுந்து வந்துவிட்டேன். புகைப்படம் எதுவும் எடுக்கவில்லை. இப்படி ஆனால் அந்த நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும், இனி எனக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: விழுந்தவர் எல்லோரும் செய்வது இதுதான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று சட்டென்று எழுந்து, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டே வெளியேறிவிடுகிறோம். அந்த "ஒண்ணுமில்லை" பிற்பாடு மேலாளரின் அறிக்கையில் ஏறிவிடும்.

முதலில் எழ அவசரப்பட வேண்டாம். இடுப்பிலோ கழுத்திலோ வலி இருந்தால் அசையாமலே உதவி கேளுங்கள். கூட வந்தவர் இருந்தால் துடைப்பத்தோடு ஆள் வருவதற்குள் படம் எடுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் ஒன்று, பத்தடி தள்ளி நின்று ஒன்று, நீங்கள் நடந்து வந்த திசையிலிருந்து ஒன்று. கிட்டத்துப் படத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ பக்கத்தில் வையுங்கள், அளவு தெரியும். எச்சரிக்கைப் பலகை இல்லை என்றால், இல்லாத இடத்தையும் அகலமாக எடுங்கள். மேலே கேமரா இருந்தால் அதையும் எடுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் ஃபிளாஷ் போடாமல் ஒரு படம் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்ட படத்தில் இருட்டான படிக்கட்டும் பளிச்சென்று தெரியும். நனைந்த உடையின் ஓரத்தையும் எடுத்து வையுங்கள். ஈரம் எவ்வளவு என்பதற்கு உங்கள் சட்டையே சாட்சி.

அன்று போட்டிருந்த செருப்பைக் கழுவாதீர்கள், மறுபடி போடாதீர்கள். காகிதப் பையில் போட்டு எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைந்து பூஞ்சை பிடிக்கும். "செருப்பு தேய்ந்திருந்தது, அதனால்தான் விழுந்தார்" என்பது எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதம். அடிப்பாகத்தில் கோடுகள் இருக்கும் செருப்பு உங்கள் கையில் இருந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

அறிக்கை எழுதச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள். நகல் தர மறுத்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள், அதுவும் இல்லையென்றால் எழுதியவர் பெயர், நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: எங்கே, எப்போது, எதில் வழுக்கியது, எங்கே வலிக்கிறது. "என் கவனக்குறைவு" என்றும் எழுத வேண்டாம், "கடையின் தவறு" என்றும் எழுத வேண்டாம். பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். அவர்கள் வெறும் வாடிக்கையாளர்கள், பத்து நிமிடத்தில் கலைந்துவிடுவார்கள்.

உங்களுக்கு இப்போது உள்ள வழி கேமராப் பதிவு. பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதியது தானாகவே ஏறிவிடும். சில இடங்களில் ஒரு வாரம், சில இடங்களில் ஒரு மாதம். அதனால் இன்றே எழுத்தில் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"இந்தத் தேதியில், ஏறத்தாழ இத்தனை மணிக்கு, உங்கள் கடையின் இந்தப் பகுதியில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து காயமடைந்தேன். அன்று நான் கடைக்குள் வந்தது முதல் வெளியேறியது வரையிலும், விழுந்த நேரத்துக்கு முன் இரண்டு மணி நேரமும் பின் அரை மணி நேரமும் அந்த இடத்தைக் காட்டும் எல்லாக் கேமராப் பதிவுகளையும், அன்றைய சுத்தம் செய்த பதிவேட்டையும், விபத்து அறிக்கையையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

முன்னால் இரண்டு மணி நேரம் ஏன்? விழுந்த காட்சி மட்டும் இருந்தால் அது நீங்கள் விழுந்ததை மட்டுமே காட்டும். தண்ணீர் எப்போது வந்தது, அதைத் தாண்டி எத்தனை ஊழியர்கள் போனார்கள் என்பதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. கடைகள் பெரும்பாலும் விழுந்த அரை நிமிடத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு அழித்தால் அது கடைக்கு எதிராகப் பேசும். பிரிட்டனில் உங்கள் உருவம் பதிந்த காட்சி உங்களைப் பற்றிய தகவல் என்பதால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நகல் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி: மாலின் படியில் அப்பா விழுந்தார். வயது 72. வலியில்லை என்று மருத்துவமனைக்கு வர மறுத்துவிட்டார். பத்து நாள் கழித்துத் தலைவலி, தடுமாற்றம். இப்போது போனால் இது விழுந்ததால் வந்தது என்று ஏற்பார்களா?

பதில்: வழக்கை ஒதுக்கி வையுங்கள். இதைப் படிக்கும்போது இன்னும் அப்பாவைக் காட்டவில்லை என்றால் இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். முதியவர்களுக்குத் தலையில் அடிபட்டால் மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில நாளோ சில வாரமோ கழித்து அறிகுறி காட்டலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். மாத்திரைப் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தாமதம் வழக்கைக் கெடுக்கும், ஆனால் அழித்துவிடாது. மருத்துவர் எழுதும் முதல் குறிப்பு முக்கியம். "தலைவலி" என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தேதியில் எங்கே எப்படி விழுந்தார், தலை எதில் மோதியது என்று சொல்லுங்கள். மருத்துவர் அதை எழுதிவிட்டால் அதுவே பாலம். மணிக்கட்டு விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை: கட்டை விரலின் அடியில் இருக்கும் சிறு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. அங்கே தொட்டால் வலி என்றால் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். "எக்ஸ்ரே நார்மல்" என்று ஒரு தாள் கையில் இருப்பதாலேயே நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டு நடந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் கிடைக்காதா?

பதில்: பலகை ஒரு எச்சரிக்கை, துடைப்பத்துக்கு மாற்று அல்ல. ஈரத்துக்குப் பின்னால், திரும்பும் மூலைக்கு அப்பால் வைத்த பலகையும், காலை முதல் இரவு வரை எடுக்காமல் அங்கேயே நிற்கும் பலகையும் யாரையும் எச்சரிப்பதில்லை. ஒதுங்கிப் போக வேறு வழி இருந்ததா என்றும் பார்ப்பார்கள். ஒரே வாசல், அதில் ஈரம் என்றால், பலகையைப் படித்தவரும் அதில்தான் நடந்தாக வேண்டும்.

போன் விஷயம் இழப்பீட்டைக் குறைக்கும். எவ்வளவு என்பது நாட்டைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் பங்கு தவறுக்கு ஏற்றபடி தொகையைக் கழிப்பார்கள். இழப்பு நூறு, உங்கள் தவறு 30 சதவீதம் என்றால் எழுபது கிடைக்கும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்களில் உங்கள் பங்கு 80 சதவீதம் என்றாலும் மீதி 20 கிடைக்கும். பல மாநிலங்களில் உங்கள் பங்கு பாதியைத் தொட்டாலோ தாண்டினாலோ ஒன்றும் கிடையாது. அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களிலும் வாஷிங்டன் தலைநகர்ப் பகுதியிலும், உங்கள் தவறு சிறிதளவு இருந்தாலே இதுபோன்ற வழக்கு மொத்தமாகப் போய்விடும். மிகக் கடுமையான விதி. அங்கே இருப்பவர்கள் வக்கீலைப் பார்க்காமல் யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது.

கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். போன் பயன்பாடு கேமராவிலும் தெரியும், போன் பதிவிலும் தெரியும். மறைத்துப் பிடிபட்டால், முறிந்த எலும்பைக்கூட நம்ப மாட்டார்கள்.

கேள்வி: வாடகைக் குடியிருப்பில் மாடிப்படியில் விழுந்தேன். தரை ஈரமில்லை, ஒன்றும் சிந்தவில்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்கு முன்பும் இருவர் தடுமாறியிருக்கிறார்கள். யார் மேல் வழக்குப் போடுவது? வீட்டுக்காரரா, குடியிருப்புச் சங்கமா?

பதில்: அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து பாருங்கள்.

படி இறங்கும்போது முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நாம் பார்த்து இறங்குவதில்லை, பழக்கத்தில் இறங்குகிறோம். நடுவில் ஒரு படி மட்டும் ஒரு விரல் அகலம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் கால் காற்றில் தேடும், அல்லது முன்கூட்டியே மோதும். கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம்தான் ஒரே இடத்தில் பலரை விழவைக்கிறது. அதனால் அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதிகள், ஒரே வரிசையில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையே 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்கின்றன. மேல்தளத்தில் பிற்பாடு டைல்ஸ் ஒட்டினால் மேல் படியின் உயரம் கூடிவிடும், கீழ்த்தளத்தில் ஒட்டினால் முதல் படி குட்டையாகிவிடும். பழைய குடியிருப்புகளில் இது சாதாரணம். முனை தேய்ந்து உருண்டுவிட்ட படி, ஆடும் கைப்பிடி, கடைசிப் படிக்கு முன்பே முடிந்துவிடும் கைப்பிடி, எரியாத விளக்கு ஆகியவற்றையும் பாருங்கள். எல்லா அளவையும் எழுதி, நாடா தெரியும்படி படமும் எடுங்கள்.

தரைக்கும் இப்படி அளவுகள் உண்டு. பிரிட்டனில் ஊசல் கருவியால் சோதிப்பார்கள். ஈரமான தரை 36 அல்லது அதற்கு மேல் காட்டினால் வழுக்கும் அபாயம் குறைவு, 25 முதல் 35 வரை நடுத்தரம், 24ம் அதற்குக் கீழும் அதிக அபாயம். அமெரிக்காவில் ஈரத்தில் நடக்கும் உள்தரை டைல்ஸுக்கு 0.42 உராய்வு எண் வேண்டும் என்பது தரம். பளபளப்பான டைல்ஸை நுழைவாயிலில் ஒட்டியிருந்தால், சுத்தத்தில் குறை இல்லாவிட்டாலும் தேர்வில் குறை என்று வாதாடலாம். சோதனையை நிபுணர்தான் செய்ய வேண்டும். தரையை மாற்றுவதற்குள் செய்ய வேண்டும்.

யார் மேல் என்பதற்குப் பதில்: அந்த இடத்தைப் பராமரிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதே. வீட்டுக்குள் என்றால் உங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். பொதுப் படிக்கட்டு என்றால் பெரும்பாலும் கட்டட உரிமையாளரோ சங்கமோ. சுத்தத்துக்கும் பராமரிப்புக்கும் தனி ஒப்பந்ததாரர் இருந்தால் அவரும். யாரென்று உறுதியாகத் தெரியாதபோது எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒருவரை மட்டும் பிடித்து, அவர் "நான் இல்லை" என்று நிரூபிப்பதற்குள் கெடு முடிந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. முன்பு விழுந்த இருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் அப்போதே புகார் செய்திருந்தால் அந்தப் புகார் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

கேள்வி: நகராட்சி நடைபாதையில் விழுந்தால் எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்?

பதில்: அரசு இடம் என்றால் நாள்களை எண்ண ஆரம்பியுங்கள். தனியாருக்கு வருடங்கள் இருக்கும் இடத்தில் அரசுக்கு நாள்கள்தான் இருக்கும்.

கனடாவின் ஒண்டாரியோவில் நகராட்சியின் சாலையோ நடைபாதையோ சீர்கெட்டு விழுந்தால் 10 நாளுக்குள் நகர எழுத்தருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்தே நாள், அதில் கட்டுப்போட்ட கையோடு இருக்கும் நாள்களும் சேரும். நடைபாதையில் பனி உறைந்து வழுக்கியது என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகப் பெரிய கவனக்குறைவைக் காட்ட வேண்டும். தனியார் இடத்துப் பனியில் விழுந்தால், 2021 ஜனவரி முதல், 60 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வழக்குக்கு 2 வருடம். நியாயமான காரணத்தால் தவறியது, எதிர்த்தரப்புக்கு அதனால் பாதிப்பில்லை என்று காட்டினால் நோட்டீஸ் தாமதம் மன்னிக்கப்படலாம். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நியூயார்க்கில் நகராட்சிக்கு எதிரான கோரிக்கை அறிவிப்பு 90 நாள். கலிஃபோர்னியாவில் அரசு அமைப்புக்கு 6 மாதம், தனியார் மேல் வழக்குக்கு 2 வருடம். இங்கிலாந்தில் 3 வருடம், குழந்தைகளுக்கு அது 18 வயது முடிந்ததிலிருந்து தொடங்கும். சிங்கப்பூரில் உடற்காயத்துக்கு 3 வருடம். தீபகற்ப மலேசியாவில் தனியார் மேல் 6 வருடம், அரசு அமைப்பு மேல் 3 வருடம். இலங்கையில் 2 வருடம். இந்தியாவில் கட்டணம் செலுத்திய சேவையில் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 2 வருடம். அரசு மேல் சிவில் வழக்குக்கு முன் 2 மாத நோட்டீஸ் வேண்டும். நியூசிலாந்தில் கதையே வேறு: 1974 முதல் விபத்துக் காயத்துக்கு அரசுத் திட்டமே ஈடு தருகிறது. அதற்கு ஈடாக, காயத்துக்காகப் பொதுவாக யார் மேலும் வழக்குப் போட முடியாது.

கேள்வி: இன்சூரன்ஸ் ஆள் அன்பாகப் பேசுகிறார். போனில் பதிவு செய்து வாக்குமூலம் கேட்கிறார், சீக்கிரம் செக் தருகிறேன் என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: எதிர்த்தரப்பின் இன்சூரன்ஸுக்குப் பதிவு செய்த வாக்குமூலம் கொடுக்கும் கடமை பொதுவாக உங்களுக்கு இல்லை. "எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்பார், "நல்லா இருக்கேன்" என்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுவோம். அது பதிவாகிவிடும்.

செக்கோடு வரும் தாளைக் கூர்ந்து படியுங்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற சொற்கள் அதில் இருந்தால், கையெழுத்துக்குப் பிறகு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் ஒன்றும் கேட்க முடியாது. காயம் ஆறி நிலைபெற்றுவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை இறுதித் தீர்வு வேண்டாம். அதற்குள் கணக்கைச் சேருங்கள்: மருத்துவ பில்கள், மருத்துவமனைக்குப் போய்வந்த செலவு, சம்பள இழப்பு, இனி தேவைப்படும் சிகிச்சை. குளிக்கவும் உடுத்தவும் சமைக்கவும் வீட்டில் உதவுபவரின் நேரத்தையும் எழுதி வையுங்கள். சம்பளம் வாங்காத உதவிக்கும் பல நாடுகளில் மதிப்பு உண்டு, இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்களே அதிகம். தினம் இரண்டு வரி குறிப்பு போதும்: இன்று எதைச் செய்ய முடியவில்லை என்று.

கேள்வி: தோழி வீட்டில் விழுந்து கால் முறிந்தது. அவள் மேல் வழக்கா? மனசு ஒப்பவில்லை.

பதில்: அவரிடம் வீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். பல நாடுகளில் வீட்டுக் காப்பீட்டில் விருந்தினர் காயத்துக்கும் இடம் உண்டு. அப்படி இருந்தால் பணம் தோழியின் கையிலிருந்து வராது.

கேள்வி: நான் சின்னக் கடை நடத்துகிறேன். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்களைக் காப்பதும் வாடிக்கையாளரைக் காப்பதும் ஒரே வேலைதான். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கடிகாரம். தரையைச் சுற்றிப் பார்த்த நேரத்தை, பார்த்த பிறகு, பார்த்தவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் உட்கார்ந்து 9.00, 9.30, 10.00 என்று ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பிய பதிவேடு நீதிமன்றத்தில் உங்களையே குத்தும். கேமராவோடு ஒத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்படும். 9.07, 9.41, 10.16 என்று கோணல்மாணலாக இருக்கும் பதிவேடுதான் நம்பும்படி இருக்கும்.

சிந்தியதைப் பார்த்தவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். இதை ஊழியர்களுக்குப் பழக்குங்கள். துடைத்த பிறகு உலர்ந்த மாப்பால் ஒருமுறை துடையுங்கள், ஈர மாப் மட்டும் போட்டால் ஈரத்தைப் பரப்பியதாகவே ஆகும். சோப்பு அளவுக்கு மீறினால் காய்ந்த பிறகும் ஒரு படலம் தங்கி, அடுத்த சொட்டுத் தண்ணீரில் வழுக்கும். வாசலில் மிதியடி போடுங்கள், சில அடிகளாவது எடுத்து வைக்கும் நீளத்துக்கு. ஓரம் சுருண்ட மிதியடியை அன்றே தூக்கி எறியுங்கள், அது தடுக்கிவிடும்.

யாராவது விழுந்தால் முதலில் நாற்காலி, தண்ணீர், ஆம்புலன்ஸ். பிறகு அறிக்கை. இரண்டு மணி நேரக் கேமராப் பதிவை நீங்களே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அவர் கேட்பதற்கு முன்பே.

கேள்வி: வக்கீல் கட்டணம் எப்படி? வெற்றி பெற்றால்தான் பணம் என்கிறார்கள்.

பதில்: அமெரிக்காவிலும் ஒண்டாரியோவிலும் கிடைத்த தொகையில் பங்கு என்ற ஏற்பாடு வழக்கம். அமெரிக்காவில் அது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பங்கு செலவுகளைக் கழிப்பதற்கு முன்பா, பிறகா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், வித்தியாசம் பெரிது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை யார் கட்டுவது என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் வென்றால் வக்கீல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் கட்டணம், வலிக்கும் கடந்தகால இழப்புக்கும் கிடைத்த தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேச வக்கீல்களுக்கு அனுமதி இல்லை, அப்படிப் பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். முதல் சந்திப்புக்குப் போகும்போது படங்கள், மருத்துவத் தாள்கள், அனுப்பிய கடிதத்தின் ஒப்புகை, காகிதப் பையில் இருக்கும் அந்தச் செருப்பு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.